மருந்தே கெடுதல் செய்துவிட்டால்: பாதிக்கப்பட்டவருக்கு உள்ள சட்ட வழிகள்

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சொன்னபடி சாப்பிட்டு, அதனாலேயே படுத்த படுக்கையானவர்களிடம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "மருந்துன்னா பக்கவிளைவு இருக்கத்தான் செய்யும், விடுங்க" என்பார் ஒருவர். "கேஸ் போடுங்க, கோடிக்கணக்கில் வரும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் ஒதுக்கி வையுங்கள்.

பக்கவிளைவு வந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும்பாலான நாடுகளில் இழப்பீடு கிடைக்காது. சட்டம் வேறொன்றைக் கேட்கிறது: இந்த ஆபத்து முன்பே தெரிந்ததா, தெரிந்திருந்தால் அதை யார் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னார்களா? இதற்கான பதிலைக் காகிதத்தில் காட்ட முடிந்தவருக்குத்தான் வழி திறக்கிறது. இந்தத் துறையில் முதன்முறையாகக் கால் வைப்பவர் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் முக்கியமான வேறுபாடுகளை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன். உங்கள் வழக்கு நிற்குமா என்பதை மட்டும் உங்கள் நாட்டு வக்கீல் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உடம்பு

மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குவது, தோல் கொப்புளித்து உரிவது, வாயிலும் கண்ணிலும் புண், மஞ்சள் காமாலை, நெஞ்சுவலி, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். சட்டம் காத்திருக்கும்.

அவசரம் இல்லாத நிலையில், மருந்தை நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்து, நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு, இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம், அவர் கிடைக்கவில்லை என்றால் வேறொரு டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. சொன்னதைக் கேட்காமல் நடந்துகொண்டார் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமாக எடுக்கும் வாதம்.

டாக்டரிடம் போகும்போது, "இந்த மருந்தால் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பலரும் சங்கடப்பட்டுக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் சொல்வதைவிட, அன்றைய தேதியில் ஒரு டாக்டரின் கையெழுத்தில் இருக்கும் ஒரு வரிக்கு எடை அதிகம்.

எதையும் தூக்கி எறியாதீர்கள்

மீதி மாத்திரை, காலி அட்டை, பாட்டில், அட்டைப்பெட்டி, அதற்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள், மருந்துச் சீட்டு, கடை பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். குடும்பத்தில் யாராவது "இந்தச் சனியன் வீட்டில் இருக்க வேண்டாம்" என்று குப்பையில் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அவர்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதோடு வழக்கும் குப்பைக்குப் போய்விடும்.

அட்டையில் உள்ள பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்த நிறுவனத்தின் பெயர் நான்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எண் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே இருக்கும். மாத்திரையைக் கிழித்துக் கிழித்துச் சாப்பிடும்போது முதலில் போவது அந்த ஓரம்தான்.

யார் தயாரித்தது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்துவந்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு இளம் வயதிலேயே அரிதான புற்றுநோய் வருவது 1971-இல் தெரியவந்தது. அம்மா எந்தக் கம்பெனியின் மாத்திரையைச் சாப்பிட்டார் என்று அதற்குள் யாராலும் சொல்ல முடியவில்லை. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980-இல், சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருந்த பங்குக்கு ஏற்பப் பொறுப்பைப் பிரித்துத் தந்தது. அது விதிவிலக்கான தீர்ப்பு. பெரும்பாலான இடங்களில், எந்த நிறுவனம் என்று காட்ட முடியாதவரின் வழக்கு முதல் படியிலேயே விழுந்துவிடும்.

உள்ளே இருக்கும் தாளைத் தனியாகக் காப்பாற்றுங்கள். நிறுவனங்கள் அதை அவ்வப்போது மாற்றுவார்கள். நீங்கள் மருந்து சாப்பிட்ட காலத்தில் அதில் என்ன எச்சரிக்கை இருந்தது என்பதுதான் கேள்வி, இன்று இணையத்தில் இருப்பது அல்ல.

தயாரிப்பு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, "மீதி மாத்திரையை அனுப்புங்கள், நாங்களே சோதித்துப் பார்க்கிறோம்" என்று கேட்டால், கையில் இருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள்.

தேதி வாரியாக எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, எந்த நாள் முதல் மாத்திரை, எவ்வளவு அளவு, எந்த நாள் முதல் தொந்தரவு, எப்போது நிறுத்தியது, நிறுத்திய பிறகு குறைந்ததா என்று எழுதுங்கள். கூடவே சாப்பிட்ட வேறு மருந்துகள், நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

இந்த விவரங்களை வைத்துத்தான் மருத்துவர்களும் காரணத்தைத் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் நரஞ்சோ அளவுகோலில் பத்துக் கேள்விகள் இருக்கின்றன: மருந்து எடுத்த பிறகுதான் தொந்தரவு வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, மீண்டும் எடுத்தபோது திரும்பி வந்ததா, வேறு காரணம் இருக்க முடியுமா என்பது போல. உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் 'உறுதி', 'பெரும்பாலும்', 'சாத்தியம்', 'வாய்ப்பில்லை' என்று தரம் பிரிக்கிறார்கள். உங்கள் சிகிச்சைப் பதிவில் இப்படி ஒரு மதிப்பீடு இருந்தால் அது பெரிய பலம். 'உறுதி' என்ற தரம் அரிதாகத்தான் கிடைக்கும். சிவில் வழக்குக்குப் பல நேரங்களில் 'பெரும்பாலும்' என்பதே போதிய அடித்தளம். சோதித்துப் பார்க்கிறேன் என்று அந்த மருந்தை மறுபடியும் வாயில் போட்டுவிடாதீர்கள்.

2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை, மாரடைப்பு அபாயம் காரணமாக உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. 2007-இல் அமெரிக்காவில் 485 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தப் பணத்தில் பங்கு கேட்டவர்கள் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டியிருந்தது: மாரடைப்போ பக்கவாதமோ வந்திருக்க வேண்டும், குறைந்தது 30 மாத்திரை வாங்கியிருக்க வேண்டும், நோய் வந்த நாளுக்கு முந்தைய 14 நாட்களுக்குள் மாத்திரை எடுத்திருப்பார் என்று ஆவணங்கள் காட்ட வேண்டும். கடை பில்லும் தேதியும் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், லேப் ரிப்போர்ட், ஸ்கேன், கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் எல்லாம் வேண்டும். வாயால் கேட்டு மறுத்தால், கடிதம் எழுதி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பல நாடுகளில் இதற்கு இணையான உரிமை உண்டு. தரமாட்டோம் என்று எழுத்தில் சொன்னால் அந்தக் கடிதமும் ஓர் ஆதாரம்தான்.

அரசு அமைப்பிடம் பதிவு செய்யுங்கள்

மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்ய எல்லா முக்கிய நாடுகளிலும் ஓர் அமைப்பு இருக்கிறது. தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் இவை பிறந்தன. பிரிட்டனின் மஞ்சள் அட்டைத் திட்டம் 1964-இல் வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டம் 1968-இல். அமெரிக்காவில் மெட்வாட்ச். இந்தியாவில் 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தை காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே கூப்பிட்டுப் பதிவு செய்யலாம்.

இந்தப் பதிவால் உங்களுக்குப் பணம் வராது, யாருக்கும் தண்டனையும் கிடைக்காது. ஆனாலும் தவறாமல் செய்யுங்கள். வழக்குப் போடும் எண்ணம் வருவதற்கு முன்பே சந்தேகத்தைச் சொன்னீர்கள் என்பதற்குத் தேதியோடு ஒரு சாட்சி அது. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. இதேபோல் பத்து ஊரில் பத்துப் பேர் பதிவு செய்தால்தான் ஒரு மருந்தின் ஆபத்து வெளியே தெரியும். பிரான்சில் மீடியாட்டர் என்ற மாத்திரை 1976 முதல் 2009 வரை விற்பனையில் இருந்தது. அது இதய வால்வைக் கெடுக்கிறது என்று ஐரீன் ஃப்ராஷோன் என்ற நுரையீரல் மருத்துவர் நோயாளிகளின் பதிவுகளைத் தோண்டி எடுத்துப் போராடிய பிறகே நிறுத்தப்பட்டது. 2021-இல் நீதிமன்றம் தயாரிப்பாளரான செர்வியே நிறுவனத்தைக் குற்றவாளி என்று அறிவித்தது.

தவறு யாருடையது? இங்கே நிதானமாக யோசியுங்கள்

வழக்கின் திசை முழுக்க இந்த ஒரு கேள்வியில் முடிவாகிவிடும். நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒரே சம்பவத்தில் இரண்டு சேர்ந்தும் வரலாம்.

மருந்தே கெட்டது என்பது ஒன்று. வடிவமைப்பு சரியாக இருந்தும், தயாரிப்பில் கலப்படம், அளவுப் பிழை, வேறு ரசாயனம் கலந்துவிடுவது. 2022-இல் காம்பியாவில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்புகளோடு தொடர்புடைய குழந்தை மரணங்கள் இந்த வகை. இதைப் பக்கவிளைவு என்று சொல்லவே கூடாது. நிரூபிக்கவும் இதுதான் ஓரளவு எளிது. ஆய்வக அறிக்கை பேசிவிடும். இந்தியாவில் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு மருந்துப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதனைக்குக் கொடுக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, தயாரிப்பாளர் ஆபத்தை எச்சரிக்காதது. பெரிய மருந்து வழக்குகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே நடக்கின்றன. இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத மருந்தைப் பொறுத்தவரை, நிறுவனம் எச்சரிக்க வேண்டியது டாக்டரை, நோயாளியை அல்ல என்று பல நாட்டு நீதிமன்றங்கள் கருதுகின்றன. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் 87-ஆம் பிரிவில் இதே பொருளில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆகவே "எனக்குச் சொல்லவில்லை" என்பதோடு நிற்காமல், "டாக்டருக்கும் சரியாகச் சொல்லவில்லை" என்று காட்ட வேண்டும்.

எச்சரிக்கை இருந்தது என்பதற்காக நிறுவனம் தானாகவே தப்பிவிடாது. அமெரிக்காவின் வெர்மாண்டில் ஓர் இசைக்கலைஞருக்கு வாந்தியை நிறுத்தும் மருந்தை நேரடியாக ஊசி வழியே செலுத்தியதில் அது தமனிக்குள் போய், கை அழுகி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அரசு அனுமதித்த லேபிளைத்தான் அச்சிட்டோம் என்றது நிறுவனம். அந்த அனுமதி மட்டும் கேடயமாகாது என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இரண்டே ஆண்டில், ஜெனரிக் மருந்து (அசல் மருந்தையே வேறு கம்பெனி செய்து விற்பது) தயாரிப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசல் நிறுவனத்தின் லேபிளையே அவர்கள் அப்படியே அச்சிட வேண்டும் என்பது அங்கே விதி. ஒரே ரசாயனம், ஒரே பாதிப்பு, ஆனால் எந்தக் கம்பெனியின் அட்டை என்பதைப் பொறுத்து நியாயம் மாறிவிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் அங்கே வழக்குப் போடுபவர் இதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, டாக்டரின் கவனக்குறைவு. ஒவ்வாமை உண்டு என்று சீட்டிலேயே எழுதியிருந்தும் அதே மருந்தைக் கொடுப்பது, சிறுநீரகம் கெட்டவருக்கு அளவைக் குறைக்காமல் விடுவது, சேரக் கூடாத இரண்டு மருந்துகளைச் சேர்ப்பது, செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையைச் செய்யாமலே மாதக்கணக்கில் தொடர்வது. இவற்றோடு, ஆபத்தைச் சொல்லாமல் சம்மதம் வாங்குவதும் தவறு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் மான்ட்கோமரி வழக்கில், நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவில் டாக்டரின் கட்டணச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது, அங்கே சிவில் நீதிமன்றம்தான்.

நான்காவது மருந்துக்கடை: சீட்டில் ஒன்று இருக்க வேறொன்றைக் கொடுப்பது, அளவை மாற்றி எழுதுவது, காலாவதியானதை விற்பது. சீட்டையும் பில்லையும் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

இந்த நான்கிலும் அடங்காத பாதிப்பும் உண்டு. மருந்து நல்லது, எச்சரிக்கை இருந்தது, டாக்டர் சரியாகவே செய்தார், ஆனாலும் ஆயிரத்தில் ஒருவராக நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். இது மிகக் கொடுமையான நிலை. வழக்கு மன்றம் இவர்களைக் கைவிட்டுவிடுகிறது.

தவறை நிரூபிக்காமலே உதவி தரும் நாடுகள்

அப்படிப்பட்டவர்களுக்காகச் சில நாடுகள் தனித்திட்டம் வைத்திருக்கின்றன. ஜப்பானில் 1980 முதல், சரியாகப் பயன்படுத்திய மருந்தால் மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சைச் செலவும் ஓய்வூதியமும் உண்டு; புற்றுநோய் மருந்துகள் போன்றவை விலக்கு. தைவானில் 2000-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. ஸ்வீடனில் 1978 முதல் மருந்து நிறுவனங்களின் பொதுக் காப்பீடு இருக்கிறது. நியூசிலாந்தில் விபத்து இழப்பீட்டு அமைப்பு சிகிச்சைக் காயத்துக்கும் பணம் தரும், அதற்கு ஈடாக நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை கிடையாது. ஜெர்மனியில் மருந்துச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, தவறு இருக்கிறதா என்று பாராமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் பாதிப்பு மருத்துவ அறிவு ஏற்கும் அளவைத் தாண்டியதாகவோ, எச்சரிக்கைக் குறைவால் வந்ததாகவோ இருக்க வேண்டும். தடுப்பூசிகளுக்கு அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித்திட்டம் நடக்கிறது. மருந்தை ஆய்வுப் பரிசோதனையின் பகுதியாக எடுத்திருந்தால் அது வேறு கதை: இந்தியாவின் 2019 விதிகளின்படி, பரிசோதனையால் வந்த காயத்துக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு.

வழக்கைப் பற்றி யோசிக்கும் முன்பே, உங்கள் நாட்டில் இப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கெடு முடிவதற்குள்

நல்ல வழக்குகள் பல, நாள் கடந்ததால் மட்டுமே செத்துப்போகின்றன. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பிரிட்டனில், குறையுள்ள பொருளுக்காகத் தயாரிப்பாளர் மீது போடும் வழக்குக்கு, பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு, எப்படியானாலும் பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டுக்குள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பலவற்றில் 2 அல்லது 3 ஆண்டு.

பாதிப்பு தாமதமாகத் தெரிந்தால், பல நாடுகளில் தெரிந்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்கும். 'தெரிந்த நாள்' என்பது டாக்டர் உறுதியாகச் சொன்ன நாள் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகப்பட நியாயமான காரணம் கிடைத்த நாளையே நீதிமன்றம் எடுக்கலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பெரியவராகும்வரை அவகாசம் நீளும். உங்கள் கெடு எந்தத் தேதி என்பதுதான் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

சிறிய பாதிப்பு, டாக்டரோ கடையோ செய்த தெளிவான பிழை என்றால் மருத்துவமனை நிர்வாகத்துக்குப் புகார் கடிதமும் பிறகு வக்கீல் நோட்டீஸும் போதும். நிறைய விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. இந்தியாவில் அடுத்தது நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்டம், அதற்கு மேல் 2 கோடிவரை மாநிலம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம் என்பது உண்மை. ஆனால் மருந்து வழக்கில் நிபுணர் சாட்சி இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருத்துவ கவுன்சிலில் புகார் செய்தால் டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம், பணம் வராது. போலீஸ் புகார் மிகக் கடைசி வழி. குற்ற வழக்குக்கு மிகப் பெரிய அலட்சியம் வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வரம்பு போட்டிருக்கிறது. போலி மருந்து, கலப்பட மருந்து விஷயம் வேறு. அதில் தயங்காமல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போங்கள்.

ஒரே மருந்தால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால் சேர்ந்து போடுங்கள். நிபுணர் செலவைத் தனி ஒருவர் தாங்க முடியாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்குகளை ஒரே நீதிபதியின் முன் சேர்த்து விசாரிப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரின் வழக்கும் தனியாகவே இருக்கும். கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம், இனி நம் ஆதாரம் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வக்கீலிடம், பிறகு சமரசத்தில்

மருந்து அல்லது மருத்துவ வழக்கு நடத்தியவரையே தேடுங்கள். நிபுணர் யார், அவர் கட்டணத்தை யார் தருவது, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு நம் தலையில் விழுமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் வென்றால் மட்டும் பங்கு என்ற முறை சாதாரணம். இந்தியாவில் வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசக் கூடாது, பேசினால் அவரை விட்டு விலகுங்கள். பணம் இல்லை என்பதற்காக நின்றுவிட வேண்டாம்: இந்தியாவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்; மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு வருமான வரம்பு உண்டு.

வழக்கு நடக்கும்போது சமூக ஊடகத்தில் அதைப் பற்றி எழுதாதீர்கள். கல்யாண வீட்டில் சிரித்தபடி எடுத்த ஒரு படத்தை வைத்தே, "இவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்பார்கள்.

சமரசத் தொகை சொன்னால், அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கும். நாளை பாதிப்பு முற்றினாலும் திரும்பிக் கேட்க முடியாது. இதுவரை ஆன செலவோடு, இனி வரப்போகும் சிகிச்சை, இழக்கும் சம்பளம், வீட்டில் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவச் செலவைக் கட்டிய காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையில் தன் பங்கைத் திருப்பிக் கேட்குமா என்பதையும், வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அந்த நிபந்தனை இருந்தாலும், அரசுக் கண்காணிப்பு அமைப்பிடம் பக்கவிளைவைப் பதிவு செய்வதை அது தடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.